பதினாறாவது பெயர்

அத்தியாயம் 11

ஆறு நாளாக அந்த வீட்டில் ராமுத்தாயிடம் யாரும் பேசவில்லை.

சோறு உண்டு, குளிக்க வெந்நீர் உண்டு, படுக்கப் பாய் உண்டு. பேச்சு மட்டும் இல்லை. போன வாரம் மலையடிவார முந்தல் செக்போஸ்ட்டிலிருந்து, அவள் வேலை பார்க்கிற போலீஸ் ஸ்டேஷனுக்கு வயர்லெஸ் செட்டில் ஒரு தகவல் வந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு ஒன்றில் இருபத்திரண்டு பேர் தொங்கிக்கொண்டு போகிறார்கள் என்று. வண்டி நம்பரை நோட்டில் எழுதும்போதே அவளுக்குத் தெரியும், அது கொழுந்தன் தவசி ஓட்டுகிற ஜீப்பு. எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினாள். எஸ்.ஐ.யிடமும் சொன்னாள். ஜீப்பு நாலு நாள் போடி டவுன் ஸ்டேஷன் வேப்ப மரத்தடியில் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

"கொழுந்தனையே காட்டிக் கொடுத்தவ கையால நான் ஒரு செம்புத் தண்ணி வாங்க மாட்டேன்" என்று மாமியார் கருத்தம்மாள் சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

கணவன் பால்சாமி அந்தப் பக்கமும் சாயவில்லை, இந்தப் பக்கமும் சாயவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை முடிந்து வருவான், சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். தவசி வீட்டுக்கே வருவதில்லை. ஜீப்பு ஸ்டாண்டிலேயே படுக்கை.

1983ஆம் வருஷத்து ஐப்பசி அது. மழை ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. இன்று காலையிலும் கருத்தம்மாள் விடியும் முன்பே எழுந்து, மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, ஏலக்காய் எடுக்கக் கிளம்பிப் போனாள். மருமகள் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி வாசலில் வைத்திருந்தாள். கருத்தம்மாள் அதைத் தாண்டிக்கொண்டு நடந்தாள்.

"அத்தை, மலையில மண்ணு சரியுதாம். இன்னைக்குப் போக வேண்டாமே."

தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

---

ஸ்டேஷனில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, அதன்மேல் வயர்லெஸ் செட்டு, கறுப்புப் போன், நீளமான நோட்டு. இதுதான் ராமுத்தாயின் இடம். நாலு மாதமாக இங்கே உட்கார்ந்து ஊர் கூப்பிடுவதைக் கேட்டு, யாரை எங்கே அனுப்புவதென்று சொல்கிறாள். ஸ்டேஷனில் இருக்கிற ஒரே பொம்பளைப் போலீசு அவள்தான். "பொம்பளைக் குரலா கேட்டா சனங்க பயப்படாமப் பேசும்" என்று எஸ்.ஐ. அவளைச் செட்டில் உட்கார வைத்தார்.

சனங்கள் பேசத்தான் செய்தார்கள். அன்று காலையில் மட்டும் தேவாரத்திலிருந்து ஒருவர், சோளக்காட்டில் ஆனை நிற்கிறது, வெடி போட ஆள் வேண்டும் என்றார். பழைய பஸ்ஸ்டாண்டில் கண் தெரியாத ஒரு பெரியவர் வழி தப்பி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். குரங்கணி பஸ்சு ஓடுமா என்று மட்டும் ஒன்பது பேர் கேட்டார்கள். அவள் ஒவ்வொன்றையும் மணி போட்டு எழுதினாள்.

எஸ்.ஐ. மதுரைக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் தேனியில் பந்தோபஸ்து. ஸ்டேஷனில் இருந்தது பாரா நின்ற ஜக்கையனும், ஏட்டு மொக்கச்சாமியும், ஒரே ஒரு போலீஸ் ஜீப்பும்.

மதியம் ஒரு மணி பத்து நிமிஷத்துக்குக் குரங்கணி போஸ்டாபீசிலிருந்து போன்.

"அம்மா, இங்க ஒரு பிள்ளைத்தாய்ச்சி ராத்திரியிலிருந்து வலியில கிடக்கு. பிள்ளை திரும்பிக் கிடக்குதாம், மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. ஆத்துல தண்ணி ஏறுது, ஒரு ஜீப்புக்காரனும் தாண்டி வர மாட்டேங்கிறான்."

"வண்டி அனுப்புறேன். பாதையோரம் தூக்கிட்டு வந்து வைங்க. அந்தப் பிள்ளைகிட்ட வண்டி கிளம்பிருச்சுன்னு சொல்லுங்க."

மொக்கச்சாமி சோற்றுப் பொட்டலத்தைப் பாதியில் கட்டி வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். இருபத்தைந்து வருஷ சர்வீஸ், கொட்டகுடி ஆற்றின் ஒவ்வொரு பாறையும் தெரிந்த மனிதர்.

ஒரு மணி ஐம்பதுக்குச் செட்டு கரகரத்தது.

"போடி, போடி, முந்தல் பேசுறேன். ஓவர்." முந்தல் செக்போஸ்ட்டு ராஜாராமின் குரல். எப்போதும் சாவகாசமாகப் பேசுகிறவர். இப்போது மூச்சு வாங்கியது.

"சொல்லுங்கண்ணே, ஓவர்."

"ஏலத்தோட்டத்து ஜீப்பு ஒண்ணு ஒன்பதாவது வளைவுல உருண்டிருச்சு. மேலயிருந்து எறங்கின லாரிக்காரன் பாத்துட்டு வந்து சொல்றான். மழைக்கு எஸ்டேட்டுல வெள்ளனமே ஆளுகளை விட்டுட்டாகளாம். போடிமெட்டு செக்போஸ்ட்டுல எண்ணி விட்டது டிரைவரோட பதினஞ்சு. பூராம் பொம்பளைக. லாரி தாண்டினதுக்கப்புறம் அஞ்சாவது வளைவுல மண்ணு சரிஞ்சு ரோட்டை மூடிருச்சு. ஓவர்."

ராமுத்தாயின் பேனா நின்றது.

கருத்தம்மாள் எந்த ஜீப்பில் போனாள்? காலையில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

"எந்த ஜீப்பு, யாரு டிரைவரு? ஓவர்."

"தெரியல. ஓவர்."

அவள் பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. போலீஸ் ஜீப்பிலிருந்த செட்டில் மொக்கச்சாமி.

"ஏம்மா, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். முந்தலைத் தாண்டி குரங்கணி ரோட்டுல இருக்கேன். இப்பத் திரும்பினா கால் மணி நேரத்துல மலைக்கு ஏறிருவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க மாமியாவும் காய் எடுக்கத்தான போகுது? சொல்லு. திரும்பட்டுமா? ஓவர்."

ஒரு பக்கம் பதினைந்து உயிர். இன்னொரு பக்கம் ஒன்று, வயிற்றுப் பிள்ளையோடு இரண்டு. கணக்குப் பார்த்தால் ஒரு பதில்தான். ஆனால் மலைக்கு ஏற ஊரில் ஐம்பது ஜீப்பு உண்டு. அந்த வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆற்றைத் தாண்ட மொக்கச்சாமியைத் தவிர இன்றைக்கு யாரும் இல்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவராலும் முடியாது.

"ஏட்டய்யா, நீங்க குரங்கணிக்கே போங்க. மலைக்கு நான் வேற ஆள் அனுப்புறேன். ஓவர்."

"சரிம்மா."

தேனியைக் கூப்பிட்டுத் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் கேட்டாள். வருகிறோம், ஆனால் ரோட்டில் தண்ணீர், எத்தனை மணியாகுமோ சொல்ல முடியாது என்றார்கள். வேறு ஆள் என்று அவள் சொன்னது ஒரே இடத்தில்தான் இருந்தது. ஜீப்பு ஸ்டாண்டில். ஆறு நாளாக அவள் முகத்தில் விழிக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற டிரைவர்களிடம்.

போனை எடுத்தாள்.

"எக்ஸ்சேஞ்சா? ஜீப்பு ஸ்டாண்டு டீக்கடைக்கு லைன் குடுங்கக்கா. உயிர் போற அவசரம்."

டீக்கடைக்காரர் எடுத்தார். தவசியைக் கூப்பிடச் சொன்னாள். "யாரு கேக்குறா?" என்று தூரத்தில் தவசியின் குரல். "ஸ்டேஷன்லருந்து" என்றதும் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம். பிறகு ரிசீவரைப் பிடுங்கி எடுக்கிற சத்தம்.

"யாரு, மதினியா பேசுறது, போலீசா பேசுறது?"

"போலீசுதான் பேசுது, தவசி. மதினி பேசினா நீ போனை வச்சிருவே." ஒரே மூச்சில் சொன்னாள். "ஒன்பதாவது வளைவுல ஒரு ஜீப்பு உருண்டிருச்சு. பதினஞ்சு பேரு. அஞ்சாவது வளைவுல ரோடு மூடிக் கிடக்கு, அதுக்கு மேல நடந்துதான் ஏறணும். கயிறு, கடப்பாரை, படுக்க வச்சுத் தூக்கச் சாக்கு, எல்லாம் கொண்டா. எத்தனை ஜீப்பு வருமோ அத்தனையும் வேணும்."

"யாரு ஜீப்பு?"

"தெரியாது. அத்தை எதுல ஏறினாங்கன்னும் எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு மனசில்ல. ஆனா அவங்களும் அந்த ரோட்டுலதான் எறங்கணும்."

பின்னாலிருந்து யாரோ, "போலீசு ஜீப்பு எங்க போச்சாம்? நம்ம வண்டி போனா அதையும் புடிச்சு எழுதுவா!" என்று கத்தினான்.

"கேட்டீகளா மதினி?" என்றான் தவசி.

"கேட்டேன். இன்னைக்கு உங்க ஜீப்புல எத்தனை பேரை ஏத்தினாலும் ஸ்டேஷன் கேக்காது. கேட்டா நான் பதில் சொல்றேன். வெரசா கிளம்பு."

ரிசீவர் மேஜையில் டொக்கென்று விழுந்தது. வைத்துவிட்டானா, வீசிவிட்டானா? அவள் மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அந்தப் பக்கத்தில் தவசி கத்திக்கொண்டிருந்தான். "டேய், எட்ரா வண்டியை! அது நம்ம ஆத்தாளுகடா!" ஒன்று, இரண்டு, நாலு, ஏழு என்று இஞ்சின்கள் உறுமின.

அப்போதுதான் அவள் போனை வைத்தாள்.

---

இரண்டரை மணிக்கு மின்சாரம் போனது. செட்டைப் பேட்டரியில் மாட்டினாள். அதே நேரம் பால்சாமி உள்ளே வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாசலில் தடுத்த ஜக்கையனைத் தள்ளிவிட்டு அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆத்தா டிரைவர் அமாவாசை ஜீப்புலதான் போச்சாம். ஸ்டோருல சொல்றாக, உருண்டது அமாவாசை ஜீப்புன்னு."

ராமுத்தாய் பேனாவை எடுத்தாள். நோட்டில் டிரைவர் பெயருக்கு விட்டிருந்த இடத்தில் 'அமாவாசை' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"உங்க போலீசு ஜீப்பு எங்க?" என்றான்.

"குரங்கணிக்குப் போயிருக்கு. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு."

"திருப்பி வரச்சொல்லு."

"முடியாதுங்க."

"ஏ, ராமுத்தாயி! அங்க எங்க ஆத்தா கெடக்கு. உனக்கு அது ஒரு ஆளாத் தெரியலையா? தம்பி வண்டியைப் புடிச்சுக் குடுக்கத் தெரியுது, ஆத்தாளுக்கு ஒரு வண்டி அனுப்பத் தெரியலையா?"

ஆறு நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"தவசி போயாச்சு. ஏழு ஜீப்பு போயிருக்கு." அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. "இங்க நின்னு என்னை வையிற நேரத்துல நீங்க முந்தலுக்குப் போயிரலாம். மண்ணை வெட்ட ஆள் பத்தாது. வெளியே ஸ்டோர் லாரி நிக்குது பாருங்க, லோடு ஆளுகளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அத்தையைத் தூக்கியாந்துட்டு அப்புறமா வையிங்க."

பால்சாமி அவளையே பார்த்தான். செட்டு கரகரத்தது. அவள் திரும்பி மைக்கைப் பிடித்தாள். மறுபடி திரும்பியபோது கதவடியில் அவன் நின்ற இடத்தில் தண்ணீர்தான் தேங்கியிருந்தது.

மூன்றேகாலுக்கு முதல் பெயர் வந்தது.

காயம்பட்டவர்களை அஞ்சாவது வளைவு வரைக்கும் சாக்கில் கட்டித் தூக்கிவந்து, அங்கிருந்து ஜீப்பில் முந்தலுக்குக் கொண்டுவந்தார்கள். ராஜாராம் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுச் செட்டில் சொன்னார். ஜீப்பு ஒரு பலா மரத்தில் தட்டி நின்றிருக்கிறது. அதனால்தான் பிழைத்தவர்கள் பிழைத்தார்கள்.

"முனியாயி. கை ஒடிஞ்சிருக்கு. ஓவர்."

"குருவம்மாள். மண்டையில தையல் போடணும். ஓவர்."

ஸ்டேஷன் வாசலில் இதற்குள் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். மலைக்கு ஆள் போன வீடெல்லாம் வந்து நின்றது. ராமுத்தாய் ஒவ்வொரு பெயரையும் எழுதி, சீட்டில் நகல் எடுத்து, ஜக்கையனிடம் கொடுத்தாள். அவர் படியில் நின்று சத்தமாகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தின் ஒரு மூலையில் அழுகை வெடித்தது. உயிரோடிருக்கிறார்கள் என்று அழுதார்கள். பெயர் வராதவர்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப்போலத்தான் அவளும். ஒவ்வொரு முறை ராஜாராம் வாயைத் திறக்கும்போதும் 'க' என்கிற எழுத்துக்குக் காத்திருந்தாள்.

நாலு மணிக்குள் பதின்மூன்று பெயர். கருத்தம்மாள் இல்லை. அமாவாசையும் இல்லை.

நடுவில் மொக்கச்சாமி பேசினார். "பிள்ளைத்தாய்ச்சியை ஏத்திக்கிட்டு ஆத்தைத் திரும்பத் தாண்டிட்டேன். தண்ணி சீட்டு வரைக்கும் ஏறிருச்சு. பிள்ளை மயங்கி மயங்கி முழிக்குது. ஓவர்." பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அப்புறம், "ஆசுபத்திரிக்கு வந்தாச்சு. டாக்டரம்மா உள்ள கொண்டு போயிட்டாக. உயிர் இருக்கு. பத்து நிமிஷம் பிந்தியிருந்தா இருந்திருக்காதுன்னு சொன்னாக. மலையிலருந்து காயம்பட்ட ஆளுக வருவாக, எறக்கி விட இங்கயே நிக்கிறேன். ஓவர்."

அவள் அதையும் மணி போட்டு எழுதினாள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுத மறந்துவிட்டோம் என்று அப்போதுதான் தோன்றியது.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு முந்தலிலிருந்து வந்தது ராஜாராமின் குரல் அல்ல.

"மதினி." தவசி. செட்டில் எப்படிப் பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை, பொத்தானை விட்டு விட்டு அழுத்தினான். வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. "அமாவாசை அண்ணே... போயிட்டாரு. ஸ்டீயரிங்குக்கு அடியில... உசுரு இல்ல. கடைசி வரைக்கும் வண்டியை மலைப் பக்கமாத்தான் ஒடிச்சிருக்காரு. பொம்பளைக சொல்றாக."

"அத்தை?"

"தேடுறோம். எங்க அண்ணே பால்சாமி கீழ எறங்கியிருக்கான், கயிறு கட்டி. நானும் மறுபடி மேல போறேன்."

ராமுத்தாய் சீட்டு எழுதவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். படியோரம் அமாவாசையின் மனைவி வீரலட்சுமி நின்றிருந்தாள். மூன்று மணியிலிருந்து நிற்கிறாள். பதின்மூன்று பெயருக்கும் பக்கத்திலிருந்தவர்களைக் கட்டிப்பிடித்துத் தேற்றியவள் அவள்தான்.

இதைப் படியில் நின்று படிக்கச் சொல்ல முடியாது. செட்டை விட்டு எழுந்து போகவும் முடியாது.

"அண்ணே" என்று ஜக்கையனைக் கூப்பிட்டாள். "வீரலட்சுமி அக்காவை உள்ள கூட்டிட்டு வாங்க."

"செட்டு ரூமுக்குள்ள வெளியாளுகளை விடக்கூடாதேம்மா."

"கூட்டிட்டு வாங்கண்ணே."

வீரலட்சுமி வந்தாள். ராமுத்தாய் ஸ்டூலை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். அவளை உட்கார வைத்து, அவள் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். சொல்வதற்கு வாய் திறந்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீரலட்சுமி அவள் முகத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள். சத்தமே வரவில்லை.

வலது கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ராமுத்தாய். செட்டின் சின்ன விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. பேட்டரி இறங்குகிறது.

ஐந்து இருபது.

"போடி, முந்தல். உங்க மாமியா கெடைச்சுருச்சும்மா! உசுரோட!" ராஜாராம் ஓவர் சொல்லவே மறந்துவிட்டார். "பலா மரத்துக்கும் கீழ ஒரு பாறை இடுக்குல கெடந்திருக்கு. கால் ஒடிஞ்சிருச்சு. பால்சாமி முதுகுல தூக்கிட்டு ஏறியிருக்கான். தவசி ஜீப்புல இப்ப இங்க வந்து நிக்குது. நான் பேசணும், செட்டைக் குடுங்கன்னு ஒரே பிடிவாதம். இந்தா, பேசும்."

ஒரே இரைச்சல். பிறகு அந்தக் குரல்.

"ஏ, ராமு. நாந்தான்."

ராமுத்தாய் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"கேக்குதா இல்லையா? இட்டிலிக்கு ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன். வெள்ளனமே ஆட்டிரு, இல்லேன்னா புளிச்சுப் போகும்."

"சரி அத்தை" என்றாள். ஸ்டூலில் வீரலட்சுமி உட்கார்ந்திருக்கும்போது அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"இன்னொண்ணு. என்கூட ஒரு பிள்ளை கெடந்துச்சு. போடிமெட்டுல எண்ணி விட்டதுக்கப்புறம், கீழ ஒரு வளைவுல ஓடி வந்து கை காட்டுச்சு, அமாவாசை பாவப்பட்டு ஏத்துனான். இருவது வயசிருக்கும். நெத்தியிலதான் காயம். பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குது. பாதி மலையாளம் பேசுது. என்னைத் தேடி வருவாக, குடுத்துராதீக, போகண்டா போகண்டான்னு அழுவுது. நான் அதைக் கூட்டிக்கிட்டு ஆசுபத்திரிக்கு வர்றேன். நீ எழுதுறப்பப் பாத்து எழுது."

செட்டில் பேச்சு நின்றது. அவள் எழுதிக் கொடுத்த சீட்டை ஜக்கையன் படித்ததும், கூட்டத்தில் யாரோ கருத்தம்மாளின் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். ராமுத்தாய் நோட்டைத் திருப்பினாள். பதினைந்து பெயர் சரியாக இருந்தது. பதினாறு என்று எண் போட்டாள். எதிரில் 'பெயர் தெரியாத பெண், வயது சுமார் இருபது' என்று எழுதினாள். எந்த வண்டியில் எங்கே போகிறாள் என்கிற இடத்தில் ஒன்றும் எழுதாமல் பேனாவை எடுத்தாள்.

ஐந்து நாற்பதுக்குப் போன் அடித்தது.

ஆண் குரல். அவசரமில்லாத, மரியாதையான குரல்.

"ஜீப்பு விழுந்ததுல ஒரு பொண்ணு வந்திருக்குமே. இருபது வயசு, பச்சைச் சேலை. எங்க வச்சிருக்கீங்க?"

"நீங்க யாருங்க?"

"வீட்டு ஆளுதான்."

"பொண்ணு பேரு?"

"உங்க லிஸ்ட்டுல இருக்குமே."

"லிஸ்ட்டுல இருக்கிறது இருக்கட்டும். வீட்டு ஆளுன்னா பேரு தெரியணுமே, நீங்க சொல்லுங்க. உங்க பேரும் ஊரும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

லைன் அறுந்தது.

மணி போட்டு எழுதினாள். 'பேசியவர் பெயர் சொல்லவில்லை.' எழுதி முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. தவசியின் ஜீப்பில் செட்டு கிடையாது. முந்தலை விட்டுக் கிளம்பி இருபது நிமிஷமாயிற்று. அதை நிறுத்தவும் முடியாது, வழி மாற்றவும் முடியாது. நேராக ஆசுபத்திரி வாசலுக்குத்தான் வரும்.

"போலீஸ் ஜீப்பு, போலீஸ் ஜீப்பு, போடி கூப்பிடுறேன். ஏட்டய்யா, இன்னும் ஆசுபத்திரிலதான் இருக்கீகளா? ஓவர்."

"ஆமாம்மா, வாசல்ல ஜீப்புக்குள்ள. ஓவர்."

"அங்க பச்சைச் சேலை கட்டின ஒரு பிள்ளையைக் கேட்டு யாராவது வந்தா விடாதீக. ஓவர்."

மொக்கச்சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வந்தாச்சும்மா. அரை மணி நேரமா ஒரு ஆளு நிக்கிறான், அதே பச்சைச் சேலையைக் கேட்டுக்கிட்டு. என் கண்ணு முன்னாலதான் நிக்கிறான். ஓவர்."

போனை வைத்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கண் முன்னால் அரை மணி நேரமாக நிற்கிறவன் இங்கே போன் பேசியிருக்க முடியாது. அப்படியானால் தேடுவது ஒருவன் இல்லை.

"ஏட்டய்யா..."

"இரும்மா. தவசி ஜீப்பு உள்ள நுழையுது. அவனும் பாத்துட்டான், ஜீப்பைப் பாத்து நடக்கிறான். என்ன செய்யட்டும்? வெரசா சொல்லு. ஓவர்."

செட்டின் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. ராமுத்தாய் பொத்தானை இறுக்கி அழுத்தினாள்.

"நீங்க அவனை மறிங்க. அத்தையை மட்டும் எறக்கச் சொல்லுங்க. அந்தப் பிள்ளையை எறக்க வேண்டாம், தவசியை நேரா ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டு வரச்சொல்லுங்க. ஓவர்."

இரைச்சல். யாரோ அதட்டுகிற சத்தம், இஞ்சின் சத்தம், அதற்கு மேலே கருத்தம்மாளின் கத்தல். பிறகு மொக்கச்சாமி.

"எறக்க முடியலம்மா. அந்தப் பிள்ளை உங்க மாமியா கையை விட மாட்டேங்குது. உங்க மாமியாவும் அது கையை விட மாட்டேங்குது. ஓவர்."